பேர் வைக்காத குழி

அத்தியாயம் ஆறு

திங்கட்கிழமை என்றால் எங்கள் ஊர் லா ஒர்கேத்தாவில் செத்தவர்களுக்கு வேலை நாள். மற்ற ஆறு நாளும் சும்மா கிடப்பவர்களை அன்று காலையில் சிலுவையில் மூன்று தட்டு தட்டி எழுப்பி, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக் காரியம் கேட்பார்கள். ஒருத்திக்குப் பசு மாடு குணமாக வேண்டும். ஒருவனுக்கு லாட்டரி எண் வேண்டும். இப்படி வேலை வாங்கப்படுகிறவர்கள் யாரும் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. மக்தலேனா ஆறு மலைப்பக்கத்து மேல்நாட்டிலிருந்து உருட்டிக் கொண்டுவந்து எங்கள் கரையில் ஒதுக்கிவிட்டுப் போனவர்கள். பேர் தெரியாது, ஊர் தெரியாது, யார் எதற்குக் கொன்றார்கள் என்று தெரியாது. சிலுவையில் பேர் இல்லாதவர் என்பதற்கு என்.என். என்று இரண்டே எழுத்து இருக்கும். பிடித்த ஒரு என்.என்.னைப் பார்த்து அதன் சிலுவையில் 'எடுத்தாச்சு' என்று நீலப் பெயின்ட்டில் எழுதிவிட்டால் அது உங்களுடையது. அப்புறம் ஒரு பேர் வைத்துச் சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"தண்ணியில செத்தவனுக்கே தண்ணி வைக்கறாங்க. இதெல்லாம் கேலி பண்ற மாதிரி இல்லையாக்கா?" என்றேன்.

"வாயை மூடிட்டு நில்லு தாகோ," என்றாள் நூபியா அக்கா.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆற்றின் ஆழம் அளக்கும் படகில் இருபது வருஷம் வேலை பார்த்து, மலையில் ஆறு பிறக்கிற இடத்திலிருந்து கடலில் விழுகிற இடம் வரை ஒவ்வொரு வளைவையும் கயிறு விட்டுப் பார்த்தவள். வேலை போன பிறகு ஆறு விழுங்கியதைத் தேடிக் கொடுக்கிற தொழிலுக்கு வந்துவிட்டாள். காணாமல் போன படகு, மாடு, மனிதன், எதுவானாலும் சரி. நான் அவளுக்குப் படகோட்டி, எடுபிடி, சமையல்காரன். வாய் மட்டும் என் சொந்தம்.

எங்களுக்கு வேலை கொடுத்தவள் பத்தடி தள்ளி ஒரு சிலுவை முன்னால் உட்கார்ந்திருந்தாள். தூலியா மான்செரா. அறுபத்தெட்டு வயது, ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஏப்ரல் மாதம் அவளுடைய ஒரே மகன் ஃப்ரேதிஸ் வெனிசுவேலாவில் மரக்காய்போ நகரத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அதோடு சரி. ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. இங்கிருந்து போன எல்லோருமே முதலில் அம்மாவை மறப்பார்கள் என்று ஊரே அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறது. அழகான ஆறுதல்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் வாசலுக்கு வந்து அவள் கேட்டது இதுதான். "உசிரோட இருந்து என்னை மறந்துட்டானா, இல்ல செத்துட்டானா, ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. செத்துட்டான்னா எனக்கு நிம்மதி." அதைச் சொன்னபோது அவள் அழவில்லை.

மூன்று வாரமாக பஸ் டிரைவர்கள், எல்லைக் காவல்காரர்கள், மரக்காய்போவிலிருந்து திரும்பியவர்கள் என்று ஒருவர் விடாமல் கேட்டுவிட்டோம். ஃப்ரேதிஸ் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. எந்த எல்லையையும் தாண்டவில்லை. ஊரை விட்டே அவன் போகவில்லை என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே சேதி. அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

தூலியாம்மா எடுத்திருந்த என்.என்.னுக்கு அபேல் என்று பேர் வைத்திருந்தாள். மூன்று தட்டு தட்டிவிட்டு ஆரம்பித்தாள்.

"அபேல், இந்த வாரமும் நீ ஒண்ணும் கிழிக்கல. அந்த நன்றி கெட்டவன் கனவுல போய் நில்லுன்னு சொன்னேனா இல்லையா. பெத்தவ இருக்காளா செத்தாளான்னு கேக்கத் தோணலையாடான்னு கேளு. அவனுக்குத் தொண்டையில சோறு இறங்கக் கூடாது, சொல்லிட்டேன். படுத்தா தூக்கம் வரக் கூடாது."

"அபேல் பாவம்க்கா," என்றேன் மெதுவாக. "செத்தும் திட்டு வாங்கறான்."

அக்கா சிரிக்கவில்லை. கிளம்பலாம் என்று தலையை அசைத்தாள். நான் இரண்டடி எடுத்து வைத்தேன், கட்டை விரலில் எதுவோ இடித்தது, முகம் குப்புற மண்ணில் விழுந்தேன்.

"என்னத்துல தடுக்கின?"

"கல்லுலக்கா."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. லா ஒர்கேத்தாவில் இதுவரை யாரும் கல் தடுக்கி விழுந்ததில்லை. இங்கே கல் கிடையாது. நாயை விரட்டக்கூட மண்ணாங்கட்டிதான். கிணறு தோண்டினால் சேறு, அதற்குக் கீழே பழைய சேறு.

அபேலுக்கு அடுத்த சிலுவையைச் சுற்றி அந்தக் கற்கள் இருந்தன. உருண்டையாக, ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவு. புல்லை ஒதுக்கி அக்கா எண்ணினாள். பதினொன்று. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேல்நாட்டுல ஆறு மலையை வெட்டிக்கிட்டு வரும்போது கல்லை உருட்டும். நடுவுல வந்தா அந்த பலம் போயிடும், மணலை மட்டும் இழுக்கும். இங்க நம்மகிட்ட வந்து சேர்றது வெறும் சேறுதான்," என்றாள். "இந்த சைஸ் கல்லு மலைப்பக்கம் நெய்வா ஊருக்கு மேலதான் கிடைக்கும். அங்கேருந்து தானா இங்க வராது. யாரோ மடியில வச்சுக் கொண்டுவந்திருக்கான்."

"எண்ணூறு கிலோமீட்டருக்குக் கல்லைச் சுமந்துட்டா? எங்க மாமா அங்கேருந்து ஒரு மிட்டாய்கூட வாங்கிட்டு வந்ததில்ல."

அக்கா சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்.என். என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே நீலத்தில் 'எடுத்தாச்சு'. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"பேர் எங்கடா?"

"வைக்கல போல."

"வரிசையைப் பாரு. அபேல், மிகேலீத்தோ, டாக்டர், எல்லாத்துக்கும் பேர் இருக்கு. ஒருத்தன் தன் குழிக்கு 'நம்பர் நாலு'ன்னாவது எழுதி வச்சிருக்கான். இதை எடுத்தவன் பதினோரு கல் சுமந்துட்டு வந்து வச்சிருக்கான், ஆனா பேர் மட்டும் வைக்கல. ஏன்?"

"சோம்பேறியா இருப்பான்."

"எண்ணூறு கிலோமீட்டர் கல் சுமக்கற சோம்பேறி." அக்கா எழுந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பேர் தெரியாதவனுக்குத்தான் நாம பேர் வைப்போம் தாகோ. தெரிஞ்சவனுக்கு எதுக்கு வைக்கணும்?"

பின்னால் தூலியாம்மா இன்னும் மகனைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

---

வெட்டியான் உபால்தோவின் வீடு இடுகாட்டு வேலியை ஒட்டியே இருந்தது. மனிதர் மரவள்ளிக் கிழங்கைக் கடித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"அந்தக் கல்லுக் குழியா? யார் எடுத்தான்னு எனக்குத் தெரியாது. யாரும் திங்கக்கிழமை வந்து நான் பார்த்ததில்ல. வருஷா வருஷம் ஜூலை வாக்குல ஒரு கல் கூடும். நானும் கேக்கல. செத்தவங்க விஷயத்துல கேள்வி கேட்டா இந்த வேலையில குப்பை கொட்ட முடியாது."

"அவனைக் கொண்டுவந்தது யாரு? நோட்டு இருக்குமே," என்றாள் அக்கா.

நோட்டு இருந்தது. எலி கடித்த ஓரம், ஈரம் காய்ந்த கறை. ஆற்றிலிருந்து எடுத்த ஒவ்வொரு பிணத்தையும் யார் கொண்டுவந்தது, எங்கே பார்த்தது என்று அந்தந்த நாளில் எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அப்போது எழுத்து வேலைக்கு இருந்தவர் தலைநகரத்து ஆள். ஆற்றைக் காலண்டரில் மட்டும் பார்த்து வளர்ந்தவர். சொன்னதை அப்படியே எழுதிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவாராம்.

அந்தக் குழிக்கான பக்கம் பதினோரு வருஷம் பழையது. அக்கா விரலை வைத்துப் படித்தாள்.

"ஏப்ரல் இருபத்திரண்டு. ஆண், சுமார் முப்பது வயது, முகம் அடையாளம் தெரியவில்லை. கொண்டுவந்தவர் லிபார்தோ பெர்தோமோ. அவர் சொன்னது: ஏரியிலிருந்து ஓடை வழியாகப் படகில் வந்துகொண்டிருந்தேன். பாதியில் பெட்ரோல் தீர்ந்து மோட்டார் நின்றுவிட்டது. துடுப்பும் இல்லை. ஓடைத் தண்ணீர் படகைத் தானே பெரிய ஆற்றுக்குக் கொண்டுபோயிற்று. ஓடை முகத்தில் இந்தப் பிணம் ஆற்றோடு மிதந்து வந்தது. தார்ப்பாயில் சுற்றி எடுத்து வந்தேன்."

"லிபார்தோ அண்ணனா? ஐஸ் கடை வச்சிருக்காரே, அவரா?" என்றேன்.

"நெய்வா பக்கத்து ஆளு," என்றார் உபால்தோ. "ஜூன் மாசம் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிட்டு வருவாரு. நல்ல மனுஷன். இந்த ஊர்ல எந்தச் சாவுக்கும் ஐஸ் அவர் கொடுக்கறதுதான், காசு வாங்க மாட்டாரு."

அக்கா அந்தப் பக்கத்தை மூடவே இல்லை. மூன்று தடவை படித்தாள். நானும் எட்டிப் பார்த்துப் படித்தேன். எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. பேப்பரில் எழுதியிருந்தால் எதுவும் சரியாகத்தான் தெரிகிறது.

"தேவைக்கு மேல ஒரு வரி சொல்லியிருக்காரு," என்றாள் அக்கா. "இந்த நோட்டை நான் ஒரு மணி நேரத்துக்கு எடுத்துட்டுப் போறேன் உபால்தோ."

---

லிபார்தோ பெர்தோமோ கடைவாசலில் ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். மெதுவான பேச்சு, பணிவான கண்கள். மலைநாட்டிலிருந்து வருகிற எல்லோரையும் நாங்கள் 'கச்சாக்கோ' என்று கிண்டல் செய்வோம். அவர் ஐஸ் கடை வைத்த இருபது நாளில் அவரை மட்டும் அப்படிக் கூப்பிடுவதை ஊரே விட்டுவிட்டது. அவ்வளவு மரியாதை.

"உக்காருங்கம்மா. தாகோ தம்பி, காபி எடுத்துக்கோ."

"காபி வேணாம்ண்ணே, ஐஸ் கொடுங்க. கால் கட்டைவிரல் வீங்கிடுச்சு. கல்லு இடிச்சிருச்சு."

அவர் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் ஒரு துண்டு ஐஸை உடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அக்கா அதைப் பார்த்தாளா என்று நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு உதவி வேணும்," என்றாள். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஓடை முகத்துல ஒரு என்.என். எடுத்தீங்களே. அந்த இடத்தைப் பார்க்கணும். நீங்க எப்படி வந்தீங்களோ அதே மாதிரி எங்களைக் கூட்டிட்டுப் போங்க. உங்க படகுலயே."

"இப்பவா?"

"அன்னிக்கும் ஏப்ரல்தானே. அதே தண்ணி."

அவர் மரத்தூளைத் தட்டினார், தொப்பியை எடுத்தார், கடையைப் பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். வர முடியாது என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை.

லிபார்தோ பின்னால் மோட்டாரில் உட்கார, அக்கா அவருக்கு எதிரே, நான் முன்னால். படகின் அடியில் ஒரு வெட்டுக்கத்தி கிடந்தது. இங்கே எல்லாப் படகிலும் கிடக்கும், புல் வெட்ட. அக்கா ஏறியதும் செருப்புக்காலை எடுத்து அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

பெரிய ஆற்றிலிருந்து ஓடைக்குள் திரும்பினோம். இரண்டு பக்கமும் கரைமேடு, அதன் மேல் வீடுகள், வாழை. மேட்டைத் தாண்டினால் நிலம் சரிந்து சரிந்து ஏரியில் போய் முடியும். எங்கள் ஊரில் ஆற்றை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறீர்களோ அவ்வளவு பள்ளம். ஓடை ஒரு கிலோமீட்டர் நீளம், ஆற்றையும் ஏரியையும் சேர்க்கிறது. ஏரிப் பக்கத்து முனைவரை போய் லிபார்தோ படகைத் திருப்பினார். மூக்கு ஆற்றைப் பார்த்து நின்றது.

"மோட்டார் எந்த இடத்துல நின்னுச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"பாதி தூரத்துல இருக்கும்மா. சரியா ஞாபகம் இல்ல."

ஓடையின் பாதிக்கு வந்தோம்.

"இங்கயே வச்சுக்குவோம். அணைங்க."

"பழைய மோட்டாரும்மா. அணைச்சா மறுபடி கிளப்பறது பெரிய பாடு."

"அணைங்க லிபார்தோ."

அவர் அணைக்கவில்லை. கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா குனிந்து பெட்ரோல் குழாயைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். மோட்டார் நான்கைந்து தடவை இருமிவிட்டு அடங்கியது.

படகு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. கரையில் ஒரு வாழைமரம் எனக்கு நேராக இருந்தது. அது மெதுவாக எனக்கு முன்னால் நகர்ந்தது. அதற்கு முந்திய மரம் வந்தது. அதற்கும் முந்தியது வந்தது. மூக்கு ஆற்றைப் பார்த்தபடியே இருக்க, நாங்கள் பின்பக்கமாக ஏரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். எங்களோடு ஆகாயத்தாமரைத் திட்டுகளும் மரக்கட்டைகளும் ஆற்றிலிருந்து ஏரிக்கு ஊர்ந்து போயின.

என்னைச் செருப்பால் அடிக்கலாம். இந்த ஓடையில் நீந்தி வளர்ந்தவன் நான். தண்ணீர் இறங்குகிற மாதங்களில் ஏரி ஆற்றுக்கு வடியும், ஏப்ரலில் ஆறு ஏறத் தொடங்கினால் இதே ஓடை திரும்பி ஏரிக்குள் ஓடும் என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நோட்டில் படித்தபோது எனக்குத் தட்டவே இல்லை.

அக்கா குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு லிபார்தோவைப் பார்த்தாள்.

"இங்க ஏப்ரல் மாசத்துல மோட்டார் நின்னுபோன படகு ஆத்துக்குப் போகாது," என்றாள். "நோட்டுல இருக்கறதை ஞாபகப் பிசகுன்னு சொல்ல முடியாது. அன்னிக்கே எழுதினது. நீங்க அந்தப் பிணத்தை ஆத்துல எடுக்கல. ஏரியில எடுத்தீங்க. ஏரியில பிணம்னா நம்ம ஊர்க்காரன்தான்னு ஊரே கூடிப் பார்த்திருக்கும். அதனால ஆத்துல வந்ததுன்னு சொன்னீங்க. நம்ம கிட்ட வர்ற செத்தவங்க எல்லாம் மேலேருந்துதான் வருவாங்கன்னு நாங்களும் நம்பிட்டோம், யாரும் முகத்தைத் திருப்பிப் பார்க்கல."

லிபார்தோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்குத் தெரியாதும்மா," என்றார். "இது திரும்பும்னு அப்ப எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். பதினோரு வருஷம் பூட்டி வைத்திருந்தது அந்த ஒரு வரியில் வெளியே வந்துவிட்டது. அப்புறம் நிறுத்தச் சொன்னாலும் அவரால் நிறுத்த முடிந்திருக்காது.

அந்த வருஷம் ஜனவரியில் அவர் இங்கே ஒரு பெரிய பண்ணைக்காரருக்கு மேஸ்திரியாக வந்தார். ஏரி வற்றும்போது வெளியே வருகிற படுகையில் வேலி போடுவதுதான் வேலை. படுகை எங்கள் ஊரில் எவனுடைய சொத்தும் இல்லை. தண்ணீர் இருந்தால் மீன், வற்றினால் தர்ப்பூசணியும் மேய்ச்சலும், எல்லோருக்கும் பொது. மேல்நாட்டு ஆளுக்கு அது புரியவில்லை. அங்கே கரை என்றால் வருஷம் முழுக்க கரை, அளந்து பத்திரம் போடலாம்.

"அந்தப் பையன் மரக்காய்போவுக்குக் கிளம்பின அன்னிக்கு, போற வழியில படுகைக்கு வந்தான். முதுகுல பை. வேலிக் குச்சியை ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் போட்டான். 'ஒரு மாசத்துல இங்க தண்ணி நிக்கும், மீனுக்கா வேலி போடறீங்க'ன்னு சிரிச்சான். நான் கையில குச்சி அடிக்கற சுத்தியல் வச்சிருந்தேன். ஒரே அடிதாம்மா. சிரிச்சதுக்கு அடிச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

"ஃப்ரேதிஸ்," என்றாள் அக்கா.

"ஆமா."

"அப்புறம்?"

"இந்த ஓடையில விட்டேன். மூணு மாசமா இது ஆத்துக்குப் போறதைத்தான் பார்த்திருக்கேன். எங்க ஊர்ல ஓடைன்னா ஆத்துக்குத்தான் போகும், வேற எங்க போகும்? ஆறு கடலுக்குக் கொண்டுபோயிடும்னு நினைச்சேன். பையை மட்டும் மறுநாள் பெரிய ஆத்துல போட்டேன். அது போயிடுச்சு. நாலாம் நாள் காலையில என் கொட்டகை வாசல்ல, ஆகாயத்தாமரைக்குள்ள, அவன் கிடக்கறான். அப்பக்கூடத் தண்ணிதான் திரும்பியிருக்குன்னு புரியல, அவனே திரும்பி வந்துட்டான்னு நினைச்சேன், மறுபடி தண்ணியில விடப் பயந்து தார்ப்பாயில சுத்தி இடுகாட்டுக்குக் கொண்டுபோனேன். தண்ணி இப்படித் திரும்பும்னு ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லல."

"யார் சொல்லுவாங்க? இங்க எல்லாருக்கும் தெரிஞ்சது," என்றேன்.

"கல்லு எதுக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"எங்க ஊர்ல செத்தவங்களுக்குக் கல் வைப்போம். வெறும் சேத்துல கிடக்கறானேன்னு."

"பேர் ஏன் வைக்கல?"

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "பெயின்ட் டப்பாவை எடுத்துட்டு மூணு தடவை போனேம்மா. வேற பேரு எழுதக் கை வரல. அவன் பேரை எழுத முடியாது."

அக்கா குழாயைத் திரும்பச் சொருகினாள். கத்தியிலிருந்து காலை எடுக்கவில்லை. "மோட்டாரைக் கிளப்புங்க," என்றாள்.

பழைய மோட்டார் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. போலீஸ் படித்துறையில் படகைக் கட்டிவிட்டு அவரே முன்னால் நடந்தார். வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே இருந்த போலீஸ்காரர், லிபார்தோ ஐஸ் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நாற்காலி போட்டார். அக்கா நோட்டை மேசையில் வைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, நடந்ததைச் சொன்னாள்.

---

தூலியாம்மா வீட்டுக் கொல்லையில் போகாசிகோ மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் நல்ல கண்ணால் ஒரு தடவை பார்த்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"சொல்லுங்க," என்றாள்.

அக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, எதையும் விடவுமில்லை. யார், எங்கே, எதற்கு, எதால். தூலியாம்மா கேட்டுக்கொண்டே செதில் சுரண்டினாள். ஒரு மீன் முடிந்தது, அடுத்ததை எடுத்தாள்.

"அப்போ அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதாம்மா. உங்க வீட்டை விட்டுக் கிளம்பி ரெண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது."

"என்னை மறக்கல."

"மறக்கறதுக்கு அவனுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கலம்மா."

அவள் தலையை ஆட்டினாள். இவ்வளவு நாளாக இழுத்துப் பிடித்திருந்த தோள் இரண்டும் இறங்கின. அவள் கேட்டது இதுதானே, கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். இந்தத் தொழிலில் இப்படி ஒரு நிமிஷம் எப்போதாவதுதான் வரும், அதற்காகத்தான் நாயாக அலைகிறோம் என்றுகூட நினைத்தேன்.

"எந்தக் குழி?" என்று கேட்டாள்.

அக்கா இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்ந்தாள்.

"கல்லு வச்சிருக்கற குழி. அபேலுக்கு அடுத்தது."

கத்தி நின்றது.

"அடுத்ததுன்னா?"

"ஒரு கை தூரம்மா."

தூலியாம்மா மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செதில் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"நான் மெதுவாப் பேசறதில்ல," என்றாள். "மண்ணுக்கு அடியில இருக்கானே, அபேலுக்குக் கேக்கணுமேன்னு கத்தித்தான் பேசுவேன். பதினோரு வருஷம், ஒரு திங்கக்கிழமை விட்டதில்ல. தூக்கம் வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். தொண்டையில சோறு இறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். இன்னிக்குக் காலையிலகூடச் சொன்னேன்."

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

தூலியாம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அவனுக்குக் கேட்டிருக்குமா தாகோ?"

"கேட்டிருக்காதும்மா," என்றேன்.

செத்தவர்களுக்குக் காது கேட்காது என்று லா ஒர்கேத்தாவில் நம்புகிறவர்கள் யாரும் இல்லை. அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.